ஙொய்

எப்சிபா கேட்டது கரகரப்பு.
வந்தது ஙொய்.

செல்லூரில் என் அறைக்குக் கீழே
பதினொரு விசைத்தறிகள்.
ஞாயிறு மட்டும்தான் வாயை மூடும்.
அந்த மௌனத்தை நம்பி
பெடலை மேசையில் ஏற்றினேன்.

பெருங்காய டப்பா அது.
மாமா மெஸ்ஸில் காலியானது, அரைக்கிலோ, தகரம்.
வெளியே கறுப்பு அடித்திருந்தேன், இரண்டு கோட்.
மேடையில் அவள் காலடியில்
'கூட்டுப் பெருங்காயம்' என்று
எழுதியிருக்கக் கூடாது, இல்லையா.
எழுத்து போனது. வாசனை போகவில்லை.
சால்டரிங் அயர்ன் சூடேறும்போதெல்லாம்
யாரோ சாம்பாருக்குத் தாளிக்கிறார்கள்.

முதலில் பேட்டரி.
நாக்கில் வைத்தேன், சுள்ளென்றது.
மீட்டரும் அதையே எண்ணில் சொன்னது.
ஈயம் வைத்த இடங்களை லென்ஸில் பார்த்தேன்.
பதினேழில் இரண்டு மங்கல்,
பாலாடை படிந்த மாதிரி.
உருக்கி மறுபடி வைத்தேன்.
ஙொய்.

டிரான்சிஸ்டர்கள் மேல் சந்தேகம்.
சந்தையில் வாங்கிய செத்த ரேடியோவின்
வயிற்றிலிருந்து எடுத்தவை,
வெள்ளித் தொப்பி போட்ட ஜெர்மானியம் இரண்டு.
ஓடும் என்றும் சொல்லவில்லை விற்றவர்,
ஓடாது என்றும் சொல்லவில்லை.
இடம் மாற்றிப் போட்டேன்.
ஙொய்.

பிறகு, ஆம்பிலிருந்து ஒரு வயர் இழுத்து
நுனியில் கெப்பாசிட்டர், அதன் நுனியில் தையல் ஊசி.
களவுபோன மாட்டின் தடம் பார்க்கிறவன் போல
வெளிவாசலிலிருந்து பின்னாலேயே போனேன்.
வெளியேறும் இடத்தில் ஙொய்.
இரண்டாம் டிரான்சிஸ்டரின் காலில் ஙொய்.
நடுக்காலில் ஙொய்யோடு
ஒரு பெண்குரல், தெளிவாக:
"வைகை அணையின் நீர்மட்டம் ஐம்பத்தெட்டு புள்ளி..."
ஊசி நடுங்கியது, குரல் போனது.
போனில் பதிவாகியிருந்ததை
எப்சிபாவுக்கு அனுப்பிவிட்டு
முதல் டிரான்சிஸ்டர்.
ஙொய்.
கடைசியாக, கிடார் வயர் நுழையும் இடம்.
இன்னும் ஒரு பாகத்தையும் தொடாத சத்தம் அது.
அதிலும் ஙொய்.

களவு வீட்டுக்குள் நடக்கவே இல்லை.

டீ ஆறிப்போயிருந்தது.
எட்டி எடுக்கப் போனவன்
இடது கை கம்பிமேல் இருக்க
வலது விரலால் பேட்டரியின் கழித்தல் முனையைத் தொட்டுவிட்டேன்.
ஙொய் பாதியாக இறங்கியது.
எடுத்தேன், ஏறியது.
தொட்டேன், இறங்கியது.
அறுபத்தெட்டு கிலோவில் நான் ஒரு வயர்,
மட்டமான வயர்தான்,
ஆனாலும் ஏதோ இரண்டைச் சேர்க்கிறேன்.

எந்த இரண்டை?

ஒரு சாண் வயரை மிச்சம் பிடிக்க
டப்பாவையே எர்த்தாக நம்பியிருந்தேன்.
உள்ளே வருகிற ஜாக் தகரத்தைத் தொடும்,
தகரம் மற்றதைத் தொடும் என்று கணக்கு.
தகரம் ஒன்றையும் தொடவில்லை.
நான் போட்டுவிட்ட கறுப்புச் சட்டைக்குள்
தனியாக நின்றுகொண்டிருந்தது.

நட்டைக் கழற்றிவிட்டு
பிளேடால் சுரண்டினேன், வட்டமாக.
முதலில் கறுப்பு உதிர்ந்தது.
அடியில் மஞ்சள்.
மஞ்சளின் மேல் சிவப்பாக ஒரே ஒரு எழுத்து:
ங்.

சிரித்திருப்பேன் போல,
பக்கத்து அறை ரவீந்திரபாண்டி
என்னண்ணே என்றான்.
ஒன்றுமில்லை என்றேன்.
அந்த எழுத்தையும் சுரண்டினேன்.
வெள்ளைத் தகரம் தெரிந்தது,
அரிசிமணி அளவு, பிறகு ஒரு ரூபாய் அளவு.
மற்ற ஜாக்குக்கும் அதே.
நட்டை இறுக்கினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.
ஒன்றும் கேட்கவில்லை என்பது
இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது.
கீழ்க்கம்பியை ஒருமுறை தட்டினேன்.
ஜல்லிக் குவியலில் லாரி ஏறுகிற மாதிரி
கரகரவென்று எழுந்து,
தானாக மெலிந்து,
தானாக நின்றது.

போனைப் பக்கத்தில் வைத்து வாசித்துக் காட்டினேன்.
எப்சிபா கொஞ்ச நேரம் பேசவில்லை.
"சுத்தமா இருக்குடா" என்றாள், குறை சொல்கிறவள் போல.
"அந்த அணைக்காரம்மா போயிட்டாங்களா?"

போயிட்டாங்க என்றேன்.
ஐம்பத்தெட்டு புள்ளி
எவ்வளவு என்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.